முப்பத்தொன்பது எமரன்சியா

உக்காருங்க தங்கச்சி, பையை எடுத்துட்டேன். தூத்துக்குடியா? நானும் அங்ஙனதான், திரேஸ்புரம். கண்டக்டர் இப்பதான் முன்னாடி சீட்டுல ஆரம்பிச்சிருக்காரு, நம்மகிட்ட வரதுக்குள்ள வல்லநாடு வந்துரும். டிக்கெட்டுக்குச் சில்லறையைக் கையிலயே எண்ணி வச்சிருக்கேன். எனக்கு எல்லாம் முன்கூட்டியே தயாரா இருக்கணும். நான் அதிகமாப் பேசுத ஆளு இல்ல. ஆனா இன்னைக்கு யாருகிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சு வெடிச்சுரும்.

மொதல்ல ஒண்ணு செய்யுங்க. பாக்காத மாதிரி மெதுவா முன்னாடி பாருங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சுடிதார், காதுல வயரு. பாத்தாச்சா? அது என் மக. ஜோவிட்டா. ஒரே வீடு, ஒரே பஸ்ஸு, ஒரே கிளாசு. ஆனா வீட்டு வாசலைத் தாண்டிட்டா அவ யாரோ, நான் யாரோ. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒப்பந்தம். ரொம்பப் பாக்காதீங்க, திரும்பிருவா.

ஆமா, கிளாசுன்னுதான் சொன்னேன். நானும் படிக்கேன். கம்ப்யூட்டர். சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிச்சாச்சு. தபால்ல படிக்கிற படிப்பு, சனி ஞாயிறு மட்டும் பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துல கிளாசு. நாப்பது பேரு. அதுல வயசுல மூத்தவ நான்தான், நாப்பத்தேழு. எனக்கு அடுத்தாப்ல ஏட்டு பேச்சிமுத்து, போலீஸ்காரரு.

எனக்கா படிக்கணும்னு ஆசை? ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது. இவளுக்காகத்தான். இவளைக் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சேத்தோம். மொத செமஸ்டர்ல நாலு பேப்பர் போச்சு. போனா என்ன, எழுதிக்கிடலாம். ஆனா கிளாஸ்ல எந்திரிச்சு என்னமோ பதில் சொல்லப் போயி, தப்பாச் சொல்லி, மொத்தக் கிளாசும் சிரிச்சிருக்கு. அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டா. வந்தவ ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தினவதான். ஒன்றரை வருஷம். கோயிலுக்குக் கூட வரமாட்டா. அவுக அப்பா சரக்குத் தோணியில மாலத்தீவுக்குப் போய் வந்துட்டு இருக்காவ, மாசத்துல நாலு நாளு கரையில இருந்தா ஜாஸ்தி. யாரு பேசுவா? நான்தான் கதவுக்கு வெளிய நின்னு பேசுவேன். கதவு பதில் சொல்லாது.

பொறவு ஒருநாள் இந்தப் படிப்பு நோட்டீசைப் பேப்பருக்குள்ள வச்சுக் குடுத்தாவ. வயசு வரம்பு கிடையாதுன்னு போட்டிருந்துச்சு. அதைக் கதவுக்கு அடியில தள்ளி விட்டேன். ஏட்டி, நீ போனா நானும் வாரேன், துணைக்குன்னு சொன்னேன். ரெண்டு நாள் சத்தத்தையே காணோம். மூணாம் நாளு கதவைத் திறந்து வந்து நிபந்தனை போட்டா. பஸ்ல பக்கத்துல உக்காரக் கூடாது. டிக்கெட் அவ அவளுக்கு எடுத்துக்கிடுவா, நான் எனக்கு எடுத்துக்கிடணும். கிளாஸ்ல நான் அவ அம்மான்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. 'இந்த வயசுல அம்மா துணையோட வந்திருக்கான்னு தெரிஞ்சா மறுபடியும் சிரிப்பாங்கம்மா, அன்னையோட நான் நின்னுருவேன்'னா. சரின்னேன். எதுக்குன்னாலும் சரின்னுருப்பேன். கதவைத் திறந்துட்டாளே, அது போதும்.

அதை அப்படியே காப்பாத்துனேன் தங்கச்சி. ஒருத்தருக்கும் தெரியாது. மத்தியானம் அவ டப்பாவுலயும் எலுமிச்சம்பழச் சோறு, நெத்திலிக் கருவாடு, என் டப்பாவுலயும் எலுமிச்சம்பழச் சோறு, நெத்திலிக் கருவாடு. ஆனா அவ ஜன்னலோரம், நான் கதவோரம். யாருக்குச் சந்தேகம் வரப் போவுது? ஏட்டு மட்டும் ஒருநாள், என்ன டீச்சரம்மா, அந்தப் புள்ள சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்ஙனயே பாத்துட்டு இருக்கீயன்னு கேட்டாரு. டீச்சரம்மாதான், அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாரு. புள்ளைக்குக் கருவாடு முள்ளு எடுக்கத் தெரியலன்னு பாத்தேன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

மொத நாள் கிளாஸ் இருக்கே, அதைக் கேளுங்க. இசக்கியப்பன் சார்தான் எங்களுக்குப் பாடம் எடுக்காரு. நல்ல மனுசன், ஆனா எப்பவும் டீ குடிக்கிற அவசரம். கம்ப்யூட்டர் நாம சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது, எதிர்த்துப் பேசாதுன்னாரு. எங்க வீட்டுல அப்படி ஒண்ணு கூட இல்லையே சார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாவ. அப்படியே எல்லாருக்கும் என்னைப் பிடிச்சுப் போச்சு. இவ மட்டும் குனிஞ்ச தலை நிமிரல. வீட்டுக்கு வந்து, நீ ஏம்மா வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டேங்கன்னு ஒரே சத்தம். சத்தம் போட்டாலும் பேசுதாளேன்னு எனக்குச் சந்தோஷந்தான்.

இவ கிளாஸ்ல யாருகிட்டயும் பேச மாட்டா. சார் கேள்வி கேட்டா தலையை மேஜைக்குள்ள விட்டுக்கிடுவா. எந்நேரமும் போன். கட்டைவிரலால டக்கு டக்குன்னு தட்டிட்டே இருப்பா. படிக்க வந்த எடத்துலயும் போனை நோண்டுதாளேன்னு என் வயிறு எரியும். அக்கம்பக்கத்துல சொல்லவும் முடியாது, யாரோ ஒரு புள்ள, எனக்கென்னன்னு இருக்கணும்.

அப்பதான் ரெக்கார்டு நோட்டு வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, கம்ப்யூட்டர்ல செய்யுத ஒவ்வொண்ணையும் நோட்டுல கையால எழுதணும். வலது பக்கம் புரோகிராம், அதாவது கம்ப்யூட்டருக்கு நாம சொல்லுத கட்டளை. இடது பக்கம் பென்சில்ல, கம்ப்யூட்டர் குடுத்த விடை. சார் கையெழுத்துப் போடணும். அந்த நோட்டு இல்லேன்னா பரீட்சை ரூமுக்குள்ளயே விட மாட்டாவ. எழுதுததுன்னா எனக்கென்ன பயம்? நான் எங்க வேலை பாக்கேன்னு சொல்லலையே. பத்திரம் எழுதுத ஆபீசு. சார்பதிவாளர் ஆபீசுக்கு நேர் எதிர. இருபத்திரெண்டு வருஷம். என் எழுத்தை நம்பி ஊர்ல ஒரு ஆளு ஒரு சென்ட் நிலத்தை இழந்தது கிடையாது.

பத்திரம் எழுத ஒரு முறை இருக்கு தங்கச்சி. இந்த ஓரத்துல ஆரம்பிச்சா அந்த ஓரம் வரைக்கும் போகணும். நடுவுல காலி இடம் விடக் கூடாது, வரிக்கு முன்னாடியும் விடக் கூடாது. விட்டா எவனாவது பின்னால ஒரு வார்த்தையைச் சொருகிருவான், ஒரு ஏக்கரு ரெண்டு ஏக்கரு ஆயிரும். வரி பாதியில முடிஞ்சா மிச்சத்தைக் கோடு போட்டு அடைச்சிரணும். எனக்குக் கை அப்படியே பழகிருச்சு. மளிகைச் சீட்டு எழுதினாலும் அடியில கோடு போட்டு அடைச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்.

ரெக்கார்டையும் அப்படித்தான் எழுதினேன். சார் போர்டுல எழுதினாரு. ஒருத்தரோட பேரையும் வயசையும் கேட்டு, அவரு ஓட்டுப் போடலாமா கூடாதான்னு கம்ப்யூட்டர் சொல்லணும், அதான் பாடம். சார் சில வரியை ஓரத்துலயும் சில வரியை உள்ள தள்ளியும் எழுதிட்டுப் போயிருந்தாரு. அவசரத்துல கோணலா எழுதுதாரு, பாவம்னு நினைச்சேன். நான் எல்லாத்தையும் ஓரத்துக்குக் கொண்டு வந்து நேராக்கி, மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைச்சு, முத்து முத்தா எழுதினேன். இடது பக்கம் விடை எழுதணுமே, அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும். லேப் சாவி வச்சிருக்கவரு பாதி நாளு லீவு. வருஷத்துல ரெண்டே நாளு, ரெண்டே மட்டந்தான் திறந்தாவ, அதுலயும் இவளும் கேம் ஆடுத ஒம்பது பயலுவளும் போயி உக்காந்துக்கிட்டாவ, மத்தவியெல்லாம் வாசல்ல நின்னு எட்டிப் பாத்தோம். அதனால என்ன, விடை என்னவா இருக்கும்னு தெரியாதா? எம் பேரையும் வயசையுமே போட்டேன், பேரு எமரன்சியா, வயசு நாப்பத்தேழு, எமரன்சியா ஓட்டுப் போடலாம். பென்சில்ல எழுதிட்டேன்.

இசக்கியப்பன் சார் அதைப் பாத்துட்டு அசந்து போயிட்டாரு. எழுத்தைத்தான் பாத்தாரு. எல்லாரும் அம்மா நோட்டைப் பாத்து எழுதிருங்கன்னு சொல்லிட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அவ்வளவுதான், என் நோட்டுக்கு ஒரே அடிபிடி. அந்த வாரம் ஏட்டு வீடு, அடுத்த வாரம் எங்க கிளாஸ்ல உள்ள செல்போன் கடைப் பயலுவ வீடுன்னு கை மாறிக் கை மாறிப் போச்சு. நாலஞ்சு பேருக்கு நானே எழுதியும் குடுத்தேன். ஊரே என்கிட்ட வந்து பத்திரம் எழுதி வாங்குத மாதிரி எனக்கு ஒரு பெருமை.

இவ ஒருத்திதான் எம் நோட்டை வாங்கல. வீட்டுல செதிலு உரசி மீனு ஆஞ்சுட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நின்னா.

'ம்மா, உன் புரோகிராம் ஓடாது.'

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சார் கையெழுத்துப் போட்டிருக்காரு, நாப்பது பேரு எழுதுதாவ, ஒனக்கு மட்டும் ஓடாதோன்னு கேட்டேன். அவ என்னமோ இடம் விடணும், தள்ளி எழுதணும்னு ஆரம்பிச்சா. இருபத்திரெண்டு வருஷமா எழுதுதேன், எங்க இடம் விடணும்னு நீ எனக்குச் சொல்லித் தராதன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லிட்டேன். ரூமுக்குள்ள போயிட்டா. எனக்கு என்ன நினைப்புன்னா, கிளாஸ்ல அம்மாவுக்கு இவ்வளவு பேரு கிடைச்சது இவளுக்குப் பொறாமை. பொறாமையும் நல்லதுதான், அந்த வீம்புலயாவது படிப்பா, என்ன?

இன்னைக்குத்தான் பரீட்சை. இப்ப அங்ஙன இருந்துதான் வாரோம். கேளுங்க.

வெளியூர்ல இருந்து ஒரு எக்சாமினர் வந்திருந்தாரு. ஒல்லியா, சத்தமே இல்லாத மனுசன். நாப்பது நோட்டையும் மேஜையில அடுக்கி வச்சிருந்தோம். மொத நோட்டைத் திறந்தாரு. ரெண்டாவதைத் திறந்தாரு. மூணாவது ஏட்டு நோட்டு, அதைத் திறந்து அவரைப் பாத்தாரு. உங்க பேரு என்னன்னு கேட்டாரு. பேச்சிமுத்து சார்னு இவரு விறைப்பா நின்னாரு. வயசு? நாப்பத்தொண்ணு. அப்ப யாரு இந்த எமரன்சியா, நாப்பத்தேழுன்னு கேட்டாரு. ஏட்டு முழிச்சாரு பாருங்க. எல்லாப் பயலும் என் பேரையும் வயசையும் சேத்து எழுதி வச்சிருக்கான் தங்கச்சி. மீசை முளைக்காத பயலுக நோட்டுலயும் எமரன்சியா, நாப்பத்தேழு, ஓட்டுப் போடலாம். எண்ணிப் பாத்தாரு. முப்பத்தொன்பது எமரன்சியா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவரு சிரிக்கல. இதுல ஒருத்தராவது கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாவ. அப்பம் நாப்பதாவது நோட்டை எடுத்தாரு. எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், எனக்குத் தெரியாதா, அது இவ நோட்டு. அதுல விடை ரெண்டு இருந்துச்சு. வயசு பதினேழு, ஓட்டுப் போட முடியாது. வயசு பதினெட்டு, போடலாம். எல்லையில நிறுத்தி ரெண்டு பக்கமும் சோதிச்சுப் பாத்திருக்கா. இதை எங்க ஓட்டிப் பாத்தன்னு கேட்டாரு. இவ எந்திரிச்சா. 'போன்ல சார். ரெண்டரை வருஷமா போன்லதான் எழுதிப் பாக்கேன்'னா. அந்த ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு இவ இதைத்தான் செஞ்சிருக்கா. நான் வாங்கிக் குடுத்த போன்தான் அது, பாத்துக்கிடுங்க.

பொறவு அவரு சொன்னாரு, நோட்டுல இருக்கதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்துங்க, ஓடுனா பாஸு, ஓடலேன்னா அடுத்த வருஷம் வாங்கன்னு. பத்துப் பத்துப் பேரா. மொத பத்துல நானும் உண்டு, அவளும் உண்டு. எழுத்து எழுத்தாத் தேடித் தட்டினேன். ஓரத்துல இருந்து, நேரா, ஒரு இடம் விடாம. ஓடுன்னு அமுக்குனேன். தப்புன்னு சிவப்பா ஒரு வரி வந்துச்சு. பக்கத்துல பாத்தேன், சிவப்பு. அதுக்கு அடுத்தாப்ல ஏட்டு, சிவப்பு. ஒம்பது மிஷினும் சிவப்பு. இவளுது மட்டும் பேரு என்னன்னு கேட்டுட்டு நின்னுச்சு.

திரும்பவும் அமுக்கிப் பாத்தேன் தங்கச்சி, சிவப்பேதான். என் மார்க்கு போனா போவட்டும். இத்தனை பேரும் என் நோட்டைப் பாத்துல்லா எழுதுனாவ. பின்னால நிக்கிற முப்பது பேரும் முணுமுணுன்னு ஆரம்பிச்சாச்சு. ஒரு பய, அந்தம்மாவை நம்பி மோசம் போனோம்னு எனக்குக் கேக்கிற மாதிரியே சொன்னான். தலையை நிமித்த முடியல. கிளாஸ்ல சிரிச்சுட்டாவன்னு இவ ஓடி வந்தாளே, அன்னைக்கு இவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

இவ வேலை முடிஞ்சு போச்சு. கையெழுத்தை வாங்கிட்டு வெளிய போயிருக்கலாம். போகல. கையைத் தூக்குனா.

'சார், நான் ஒண்ணு சொல்லிக் குடுக்கலாமா?'

எக்சாமினர் இசக்கியப்பன் சாரை ஒரு பார்வை பாத்தாரு. இவரு ஜன்னலுக்கு வெளிய பாத்தாரு. சொல்லும்மா, பத்து நிமிசம் தாரேன்னுட்டு அவரு உக்காந்துட்டாரு. இவ போர்டுக்கு முன்னாடி போயி நின்னா. நாலு பேரு முன்னாடி நிக்கத் தெரியாத புள்ள. மொத வார்த்தை யாருக்கும் கேக்கல. ரெண்டாவதும் கேக்கல. மாதாவே, ஒருத்தனும் சிரிச்சிரக் கூடாதுன்னு வேண்டிட்டே இருக்கேன். ஏட்டு எந்திரிச்சு, சத்தமாச் சொல்லு தாயி, எங்களுக்கு நீதான் கதின்னாரு. அப்பம் தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிச்சா பாருங்க.

வயசு பதினெட்டோ அதுக்கு மேலயோன்னா, அப்படின்னு ஒரு வரி. அதுக்குக் கீழ, ஓட்டுப் போடலாம்னு சொல்லு, அப்படின்னு ஒரு வரி. கீழ உள்ள வரியை நாலு இடம் தள்ளி ஆரம்பிக்கணும். அப்பத்தான் அது மேல உள்ள வரியோட சேந்ததுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம். எல்லாத்தையும் ஓரத்துலயே எழுதினா எது எதோட சேந்ததுன்னு அதுக்குப் புரியாது, நின்னுரும். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் அன்னைக்கு மீனு ஆயும்போது சொல்ல வந்திருக்கா. படம் போட்டுச் சொன்னா, திருப்பிச் சொன்னா. ஒருத்தன் மக்குத்தனமா ஒரு கேள்வி கேட்டான், அவனைப் பாத்து இவ சிரிக்கல, பொறுமையாப் பதில் சொன்னா. யாரும் சிரிக்கல. நான் அழுதுட்டேன். ஏட்டு கர்ச்சீப் குடுத்தாரு, தூசின்னு சொல்லி வாங்கிக்கிட்டேன்.

பொறவு ஒவ்வொரு மிஷினாப் போயித் திருத்திக் குடுத்தா. கடைசியாத்தான் என்கிட்ட வந்தா. என்ன சொன்னா தெரியுமா?

'அக்கா, இந்த வரிக்கு முன்னாடி நாலு இடம் விடுங்க.'

அக்காவாம். விடுங்களாம். ஒப்பந்தம்தான், நான் இல்லங்கல. ஆனா இத்தனை நடந்த பொறவும் அக்காவா? வைராக்கியத்துக்கு ஒரு அளவில்லையா? எனக்குக் கை போக மாட்டேங்குது, வரிக்கு முன்னாடி இடம் விட்டுப் பழக்கமே இல்லையே. அவளே என் விரலைப் பிடிச்சு நாலு மட்டம் அமுக்குனா. ஓடிருச்சு. பேரு கேட்டுச்சு, வயசு கேட்டுச்சு. எமரன்சியா ஓட்டுப் போடலாம்னு சொல்லுச்சு. இருபத்தொன்பது வருஷமாப் போட்டுட்டுத்தான் இருக்கேன், இருந்தாலும் அது வாயால கேக்கும்போது ஒரு இதுதான். முப்பத்தொன்பது பேரும் பாஸு. எக்சாமினர் போகும்போது இவகிட்ட, நீ டீச்சராப் போலாம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. நான் இடம் விட்டு எழுதியிருந்தா இவ வாயைத் திறந்திருப்பாளா? நீங்களே சொல்லுங்க. எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான்.

வெளிய வந்தோம். எல்லாரும் இவளைச் சுத்தி நின்னு பேசுதாவ, நம்பர் வாங்குதாவ. நான் தள்ளி வேப்பமரத்தடியில நின்னேன். போயி, இது எம் புள்ளன்னு சொல்லணும்னு நாக்கு துடிச்சுச்சு. சொல்லல. எனக்கு அந்தப் படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் தங்கச்சி, நாலு பேரு முன்னாடி ஒரே ஒரு மட்டம் அம்மான்னு கூப்பிட்டாப் போதும். இதை யாருகிட்டச் சொல்ல? வழக்கம்போல பஸ் ஏறுனோம். அவ முன்னாடி, நான் பின்னாடி.

இந்தா, கண்டக்டர் வந்துட்டாரு. தூத்துக்குடி ஒண்ணு குடுங்க, சரியாச் சில்லறை இருக்கு.

என்னது? எடுத்தாச்சா? யாரு எடுத்தா? நான் எடுக்கலையே. நீங்க ஆளு மாத்திச் சொல்லுதீய. எந்தப் பச்சைச் சுடிதாரு? ரெண்டு டிக்கெட்டா? என்ன சொல்லி வாங்குனா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

'அந்தப் புள்ள, "பின்னாடி கடைசிக்கு முந்தின சீட்டுல ஒருத்தவுக பேசிக்கிட்டே வருவாவ, அவுகதான் எங்க அம்மா"ன்னு சொல்லுச்சும்மா. நான் என்னத்தக் கண்டேன்.'

சத்தமாவா சொன்னா? பக்கத்துல உள்ளவியளுக்கெல்லாம் கேட்டிருக்குமா?

கேட்டீயளா தங்கச்சி? இந்தச் சில்லறையைக் கொஞ்சம் பிடிங்க, கண்ணைத் துடைச்சுக்கிடுதேன். ஒரு நிமிசம் நான் பேசாம இருந்துக்கிடுதேன்.